கடுகு எந்த அறையில்?

நைனார்பாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை. கள்ளக்குறிச்சி மாவட்டம், சின்னசேலம் வட்டம். மக்காச்சோளம் அறுவடையானால் கடை வாசல்வரை கொட்டிக் காயவைக்கும் ஊர். கடையை நடத்துகிற அம்மா சிட்டா எடுத்துத் தருவார், வில்லங்கம் போட்டுப் பார்ப்பார், வருமானச் சான்றுக்கு வருகிறவர்களின் போட்டோவை இணையதளம் கேட்கும் அளவுக்குச் சுருக்கி ஏற்றுவார். அவருடைய கணினித் திரையில் எழுபது எண்பது ஐகான்கள் அப்பிக் கிடக்கும். பாதிக்கு மேல் மஞ்சள் போல்டர்கள். சிலவற்றின் கீழே இருக்கும் பெயரை எந்த மொழிக்காரராலும் படிக்க முடியாது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். பார்க்கிற எனக்குத் தலை சுற்றும். அவரோ வந்தவரிடம் ஊர்க்கதை பேசிக்கொண்டே, திரையைப் பார்த்தும் பார்க்காமலும் மவுஸை இழுத்து வேண்டியதைத் திறந்துவிடுவார்.

விடுமுறைக்கு வந்த அண்ணன் மகன், அத்தைக்கு நல்லது செய்வதாக நினைத்து ஒரு காரியம் செய்தான். திரையில் ரைட் கிளிக் செய்து, பெயர் வரிசைப்படி அடுக்கச் சொல்லிவிட்டான். ஒரே நொடிதான். எல்லாம் இடப்பக்கம் போய் ரேஷன் கடை வரிசை மாதிரி நின்றுகொண்டன.

மறுநாள் காலை கடையில் கூட்டம். அம்மா திரையை மேலும் கீழும் துழாவிக்கொண்டிருந்தார். என்ன ஆயிற்று என்றேன். "எல்லாமே இருக்குதுண்ணா, ஆனா ஒண்ணையும் காணோம்" என்றார்.

அவர் சொன்னது அறிவியல்படி மிகச் சரி. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். கரண்ட் போன இருட்டிலும் அம்மாவின் விரல் கடுகு அறைக்குப் போகும், சீரகத்துக்குப் போகாது. எந்த அறையிலும் பெயர்ச்சீட்டு ஒட்டியிருப்பதில்லை. வேறு யாராவது பெட்டியைக் கழுவிப் பொருள்களை மாற்றிப் போட்டுவிட்டால் அன்றைக்குத் தாளிப்பு தாமதமாகும், வீட்டில் ஒரு சண்டையும் நடக்கும். கணினித் திரையை நமக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வது பற்றிப் பேசும்போது படம், நிறம், அழகு என்றே பேசுகிறோம். அங்கே பெரிய வேலையைச் செய்வது இடம். அழகு அதற்கு அப்புறம்தான்.

இந்த டெஸ்க்டாப் என்ற ஏற்பாடே ஒரு ஜெராக்ஸ் கடைச் சரக்கு என்பது வேடிக்கை. நாம் நகல் எடுக்கும் எந்தக் கடையையும் ஜெராக்ஸ் கடை என்கிறோமே, அந்தப் பெயருக்குரிய அமெரிக்க நிறுவனம் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஓர் ஆய்வுக்கூடம் வைத்திருந்தது. அங்கே 1973இல் ஆல்டோ என்ற கணினி உருவானது; மவுஸும் சாளரங்களும் அதில் இருந்தன. 1975இல் டேவிட் கேன்ஃபீல்ட் ஸ்மித் என்பவர் ஸ்டான்ஃபோர்டில் எழுதிய முனைவர் பட்ட ஆய்வில், திரையில் தெரியும் சிறு உருவங்களுக்கு ஐகான் என்று பெயர் வைத்தார். கிறிஸ்தவத் தேவாலயங்களில் வணங்கும் திருவுருவங்களுக்கு உரிய சொல் அது. அவரே பிறகு ஜெராக்ஸில் சேர்ந்து, 1981இல் வெளிவந்த ஸ்டார் என்ற கணினியின் திரையை வடிவமைத்த குழுவில் இருந்தார். காகிதம், கோப்புறை, தபால் தட்டு என ஓர் அலுவலக மேசையே அந்தத் திரையில் ஏறியது. விலை 16,000 டாலருக்கும் மேல். விற்பனையில் தோற்றது. அந்த மேசை மட்டும் பிழைத்து, மாறி மாறி, நைனார்பாளையம்வரை வந்துவிட்டது.

அதே ஆய்வுக்கூடத்தில் இருந்த தாமஸ் மலோன், நிஜ மேசைகளில் மனிதர்கள் காகிதங்களை எப்படி வைக்கிறார்கள் என்று போய்ப் பார்த்து 1983இல் ஒரு கட்டுரை எழுதினார். சிலர் அடுக்கி வைக்கிறார்கள், பலர் குவித்து வைக்கிறார்கள். குவியல் சோம்பேறித்தனத்தால் மட்டும் வருவதில்லை என்று அவர் கண்டார். கண்ணில் படும் இடத்தில் கிடக்கும் காகிதம் 'என்னை முடி' என்று நினைவூட்டுகிறது. 1995இல் டெபோரா பேரோவும் போனி நார்டியும் கணினிக் கோப்புகளிலும் இதையே பார்த்தார்கள்: மனிதர்கள் பெயரைத் தட்டித் தேடுவதைவிட, கோப்பை வைத்த இடத்துக்கு நேரே போவதையே விரும்பினார்கள். மருமகன் துடைத்துப்போட்ட குவியலில் அன்றைக்கு முடிக்க வேண்டிய மூன்று விண்ணப்பங்களும் இருந்தன.

இடத்தின் வலிமையை அளந்து பார்த்தவர்கள் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த ஜார்ஜ் ராபர்ட்சன், மேரி செர்வின்ஸ்கி குழுவினர். 1998இல் அவர்கள் திரையில் சாய்வான ஒரு தளத்தை வரைந்தார்கள். நூறு இணையப் பக்கங்களின் சிறு படங்களைத் தந்து, உங்கள் இஷ்டப்படி பரப்பிக்கொள்ளுங்கள் என்றார்கள். பிறகு ஒவ்வொன்றாகத் தேடி எடுக்கச் சொன்னபோது, வழக்கமான பட்டியலில் தேடியதைவிடச் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள். பல மாதங்கள் கழித்து அதே ஆட்களை மறுபடி அழைத்தார்கள். அப்போதும் இடங்கள் நினைவில் இருந்தன. அடுத்து வந்த சோதனைதான் எனக்குப் பிடித்தது. படங்களை எல்லாம் மறைத்து, வெறும் கட்டங்களாக்கிக் கொடுத்தார்கள். முதலில் கொஞ்சம் தடுமாறியவர்கள், சற்று நேரத்திலேயே படங்கள் இருந்தபோது எடுத்த நேரத்துக்கு வந்துவிட்டார்கள். பெயர்ச்சீட்டில்லாத அஞ்சறைப் பெட்டியேதான்.

இதற்கு மூளையில் என்ன ஆதாரம்? எலியின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில், எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் செல்கள் இருப்பதை ஜான் ஓ'கீஃப் 1971இல் வெளியிட்டார். அந்தப் பகுதிக்குப் பக்கத்திலேயே இடத்தை அறுகோணக் கட்டங்களாகப் பிரித்துக் குறித்துக்கொள்ளும் வேறு செல்களை மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் தம்பதி 2005இல் கண்டார்கள். மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு. ஓடித் திரியும் எலியின் வரைபடத்தை அப்படியே பதினைந்து அங்குலத் திரையில் ஒட்டிவிட முடியாதுதான். ஆனால் 'எங்கே' என்ற கேள்விக்கு விடை வைத்துக்கொள்ள உயிரினங்களுக்குப் பழைய, உறுதியான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. 'என்ன பெயர்' என்பது அதற்கு மிகப் பின்னால் வந்த விஷயம்.

இடமே எல்லாம் என்று முடிவுகட்டவும் முடியாது. 1986இல் வில்லியம் ஜோன்ஸும் சூசன் டுமேயும் செய்த சோதனையில், இடத்தை மட்டும் நம்பிக் கோப்புகளை வைத்தவர்கள், எண்ணிக்கை கூடக் கூடத் தடுமாறினார்கள். பெயர் வைத்தவர்கள் அவர்களைவிட நன்றாகத் தேடினார்கள்; இரண்டெழுத்துப் பெயர்கூடப் போதுமானதாக இருந்தது. ஆக, நாள்தோறும் கை போகும் பொருளுக்கு இடம் வேலை செய்யும். வருஷத்துக்கு ஒருமுறை தேடுவதற்குப் பெயர் வேண்டும். அஞ்சறைப் பெட்டியில் ஐந்தாறு அறைகள்தானே! பரணில் கிடப்பதற்கு அந்த வித்தை பலிக்காது.

கடைக்காரம்மாவின் வால்பேப்பர் மயில்மேல் அமர்ந்த முருகன். அவர் அடுக்கி வைத்திருந்த காலத்தில் ஒரு ஐகான்கூட முருகனின் முகத்தில் படாது. வேல் நுனிக்கு மேலே பிரிண்டர், மயில் தோகை ஓரத்தில் வில்லங்கப் போல்டர், பாதத்துக்குக் கீழே அன்றாட ஸ்கேன்கள். பக்தியால் செய்த ஏற்பாடு, பலன் நினைவாற்றலுக்கு. கனடாவின் சஸ்காட்சுவான் பல்கலைக்கழகத்து கார்ல் கட்வினும் சக ஆய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட ஆய்வில், கட்டங்களின் பின்னால் ஒரு படத்தை வைத்தும் வைக்காமலும் சோதித்தார்கள். கட்டங்கள் நிறைய இருக்கும்போது, பின்னணியில் ஏதாவது அடையாளம் இருந்தவர்களுக்கு இடங்கள் நன்றாகப் பதிந்தன. 'ஆலமரத்துக்கு இந்தாண்ட' என்று வழி சொல்கிறோமே, அதே முறை. ஒரே நிறத்தில் வழவழவென்று இருக்கும் வால்பேப்பர் கண்ணுக்குக் குளிர்ச்சி. ஐகானை இடம் வைத்துத் தேடுகிறவருக்கு அது மரமே இல்லாத பொட்டல்.

திரையின் எல்லா இடமும் ஒரே மதிப்புடையதல்ல. சின்னசேலம் பேருந்து நிலையத்தை ஒட்டிய கடைக்கும் உள்தெருக் கடைக்கும் ஒரே வாடகையா? 1954இல் பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர், ஓர் இலக்கைக் கையால் தொட எடுக்கும் நேரம் அதன் தூரத்தையும் அகலத்தையும் பொறுத்தது என்று ஒரு சூத்திரம் தந்தார். தூரம் குறைந்தால் சீக்கிரம், அகலம் கூடினால் சீக்கிரம். கணினித் திரையில் இதற்கு ஒரு தமாஷான விளைவு உண்டு. மவுஸ் அம்பு திரை விளிம்பைத் தாண்டிப் போகாது. ஆகவே மூலையில் இருக்கும் பொருளைத் தொடக் குறிபார்க்கவே வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு மவுஸை வீசினாலும் அம்பு அங்கே போய் முட்டி நிற்கும். மூலை என்பது முடிவில்லாத அகலம் கொண்ட இலக்கு. விண்டோஸ் 95 வடிவமைப்பாளர்கள் ஸ்டார்ட் பொத்தானை இடது கீழ் மூலையில் வைத்தார்கள், ஆனால் மூலையை ஒட்டாமல் நூலிழை இடைவெளி விட்டுவிட்டார்கள். அம்பு மூலையில் முட்டினாலும் பொத்தான் அமுங்காது. அந்த இடைவெளியை மூடப் பிந்தைய பதிப்புகள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

2021இல் விண்டோஸ் 11 வந்தபோது ஸ்டார்ட் பொத்தானை நடுவில் கொண்டுபோய் வைத்தார்கள். காலியான அந்தப் பொன்னான மூலைக்குப் பிற்பாடு வானிலை விட்ஜெட் குடிவந்தது. இருபத்தைந்து வருடப் பழக்கத்தில் அந்த மூலைக்கு ஓடும் கைகள், கேட்காமலேயே செய்திப் பலகையைத் திறந்துகொண்டிருக்கின்றன. வேண்டுமென்றே செய்ததா என்று நான் சந்தேகப்படுவதுண்டு. டாஸ்க்பார் அமைப்பில் போய் 'இடது' என்று தேர்ந்தால் பழைய இடம் திரும்பிவிடும். விண்டோஸ் 11இல் ஒரே ஒரு மாற்றம்தான் செய்யலாம் என்றால் நான் செய்வது இதைத்தான்.

இனி அந்தப் படிக்க முடியாத பெயர்கள். கடையில் தமிழ்த் தட்டச்சு பாமினியில். பாமினி எழுத்துரு ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களின் மேல் தமிழ் வடிவங்களைப் போர்த்திய ஒரு சட்டை. உள்ளே இருப்பது ஆங்கிலமே. ஐகானுக்குக் கீழே உள்ள பெயரையோ விண்டோஸ் தன் சொந்த எழுத்துருவில்தான் காட்டும், சட்டை கழன்றுவிடும். 'சிட்டா' என்று தட்டிய பெயர், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியும் கலந்த ஏதோ ஒன்றாகத் தெரியும். பெயர் வரிசைப்படி அடுக்கினால் கூத்து இன்னும் கூடும். பாமினியில் 'ய' இருப்பது ஆங்கில முதலெழுத்தின் விசையில், 'அ' இருப்பது 'எம்' விசையில், 'ண' இருப்பது கடைசி எழுத்தில். யகரம் முதலிலும் அகரம் நடுவிலும் நிற்கும் ஒரு நெடுங்கணக்கு! எந்தத் தமிழ் வாத்தியாரும் ஒப்பாத அந்த வரிசையில்தான் மருமகன் அத்தையின் போல்டர்களை நிறுத்தியிருந்தான். இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாமினியில் 'ஈ' என்பது கோப்புப் பெயர்களில் விண்டோஸ் அனுமதிக்காத 'சிறியது' குறியின் விசை. ஈரோடு என்று ஒரு போல்டருக்குப் பெயர் வைக்கவே முடியாது. தமிழுக்கென்று தனி எண்கள் யூனிகோடில் 1991 முதல் இருக்கின்றன. அதில் தட்டினால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.

ஐகானின் படத்தையும் முற்றாகத் தள்ளிவிட வேண்டியதில்லை. 1984இல் வந்த ஆப்பிளின் மெக்கின்டோஷ் கணினிக்கு ஐகான்கள் வரைந்த சூசன் கேர், கட்டம்போட்ட நோட்டை வைத்துக்கொண்டு 32க்கு 32 கட்டங்களில் ஒவ்வொன்றாக நிரப்பினார். 1,024 சதுரங்கள், கறுப்பு அல்லது வெள்ளை. இன்றைக்கு நாமே ஒரு போட்டோவை ஐகானாக்கும்போது அது களிமண் உருண்டை மாதிரி தெரிவதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. நல்ல ஐகான் கோப்பு ஒன்றுக்குள் பல அளவுப் படங்கள் இருக்கும்: 16, 32, 48, 256 புள்ளிகள் என்று. சிறிய அளவு, பெரியதைச் சுருக்கியது அல்ல. தேவையற்றதை விட்டுவிட்டுத் தனியாக வரைந்தது. போல்டருக்குப் படம் மாற்ற, ரைட் கிளிக் செய்து பண்புகளுக்குள் போய் 'கஸ்டமைஸ்' பக்கத்தைத் திறந்தால் போதும். ஆனால் எல்லாப் போல்டரையும் அலங்கரித்தால் மறுபடி எல்லாம் ஒன்றுபோல் ஆகிவிடும். எழுபது மஞ்சளுக்கு நடுவே மூன்று சிவப்பு இருந்தால் அந்த மூன்றும் தெரியும்.

விட்ஜெட் வேறு சாதி. ஐகான் சும்மா இருக்கும், விட்ஜெட் ஓடிக்கொண்டிருக்கும். 1924இல் அமெரிக்க மேடை நாடகம் ஒன்றில், ஒரு தொழிற்சாலையில் செய்யப்படும் இன்னதென்று தெரியாத பொருளுக்கு வைத்த பெயர் அது, பொருத்தமாகத்தான் ஒட்டிக்கொண்டது. கணினியில் அதன் மூதாதை மெக்கின்டோஷின் சிறு கால்குலேட்டர். 1982இல் அதை வரைந்துகொண்டிருந்த கிறிஸ் எஸ்பினோசா என்ற இளைஞர் எதைக் காட்டினாலும் ஸ்டீவ் ஜாப்ஸ் குறை சொன்னார்: கோடு தடிமன், பொத்தான் பெரிது, பின்னணி சரியில்லை. சலித்துப்போன எஸ்பினோசா ஒரு தந்திரம் செய்தார். கோட்டின் தடிமன், பொத்தானின் அளவு, பின்னணி எல்லாவற்றையும் மெனுவில் வைத்து, நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள் என்று கொடுத்துவிட்டார். ஜாப்ஸ் பத்து நிமிடம் உட்கார்ந்து திருகி, பிடித்ததை நிறுத்தினார். அந்த வடிவம் மெக் ஓஎஸ் 9 வரை, ஏறக்குறைய இருபது வருடங்கள் நின்றது. பயன்படுத்துகிறவரையே வடிவமைக்க விடுவது என்பது பெரிய தத்துவமாக அல்ல, முதலாளியின் நச்சரிப்பிலிருந்து ஒரு விடுதலையாக இங்கே தொடங்கியது!

பிறகு 2003இல் கன்ஃபாபுலேட்டர், 2005இல் ஆப்பிளின் டாஷ்போர்டு, 2007இல் விண்டோஸ் விஸ்டாவின் கேட்ஜெட்கள். விஸ்டாவின் சரக்கு சீக்கிரம் கெட்டுப்போனது. அவை உள்ளுக்குள் குட்டி இணையப் பக்கங்கள். கணினியைத் தொடும் உரிமை மட்டும் அவற்றுக்கு அதிகம். அந்த ஓட்டை வழியே பிறர் நுழையலாம் என்று தெரிந்ததும், 2012 ஜூலையில் மைக்ரோசாஃப்டே அவற்றை முடக்கச் சொல்லிவிட்டது. எங்கோ கிடைத்த விட்ஜெட்டைக் கடைக் கணினியில் போடுவதற்கு முன், அதில் ஊராரின் ஆதார் நகல்கள் இருப்பதை நினைத்துக்கொள்வது நல்லது.

வானிலை விட்ஜெட்டால் நைனார்பாளையத்துக்கு ஒரு தனிக் குழப்பம் உண்டு. மேசைக் கணினியில் ஜிபிஎஸ் கிடையாது. இணைய இணைப்பின் முகவரியை வைத்து ஊரை ஊகிக்கிறது, அந்த முகவரியோ பெரும்பாலும் இணைப்பு தரும் நிறுவனத்தின் பெரிய நகரத்துக் கணக்கில் பதிவாகியிருக்கும். வாசலில் சோளம் காயும். திரையில் சென்னை மழை பெய்யும். அமைப்புக்குள் போய் ஊரைக் கையால் எழுதி வைத்தால் சரியாகும். மருமகன் ஒரு நல்ல காரியமும் செய்தான் என்றால் இதுதான்.

அவன் கொண்டுவந்திருந்தது அரசு கொடுத்த பழைய மடிக்கணினி, அவன் அக்காவினுடையது. 2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய திட்டத்தில் வந்த அந்த மடிக்கணினிகளுள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸ் என்ற இயங்குதளமும் இருந்தது. சி-டாக் சென்னையில் உருவாக்கியது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு, தமக்கென்று கிடைத்த முதல் திரை அது. மூடியில் முதலமைச்சர் படம் இருந்தது. உள்ளே வால்பேப்பர் நம் இஷ்டம். 2013இல் உத்தரப் பிரதேசம் கொடுத்தவற்றில் தலைவர்கள் திரைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். மூடியின் படத்தோடு வாழ்ந்துவிடலாம். அஞ்சறைப் பெட்டிக்குள் வேறொருவர் கை வைத்தால் முடியாது.

அத்தையின் திரைக்கு வருவோம். கலைந்த இடங்களை மீட்டுத்தர விண்டோஸில் ஒரு பொத்தான் கிடையாது. இடங்களைப் பதிந்து வைத்துத் திருப்பித்தரும் டெஸ்க்டாப்ஓகே போன்ற சிறு மென்பொருள்கள் உண்டு. ஆனால் முன்னமே பதிந்திருக்க வேண்டும். ஐகான்கள் தாமாக அடுக்கிக்கொள்ளும் வசதியை 'வியூ' மெனுவில் அணைத்தோம், கட்டத்தில் ஒட்டி நிற்பதை மட்டும் விட்டுவைத்தோம்.

"திரையப் பாக்காம சொல்லும்மா, வில்லங்கம் எங்க இருந்துச்சு?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே மவுஸை நகர்த்தினார். அம்பு மயில் தோகையின் ஓரத்தில் போய் நின்றது. அங்கே ஒன்றும் இல்லை. போல்டர் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, வில்லங்கத்தைக் கண்டுபிடித்து அங்கே இழுத்து வைத்தான் மருமகன். அப்புறம் சிட்டா. அப்புறம் போட்டோக்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் நாற்பதுக்கு மேல் ஊர் திரும்பிவிட்டன. கடைசியில் ஒரு முப்பது மிச்சம். கை எங்கேயும் போகவில்லை.

"இதெல்லாம் எங்க இருந்துச்சோ தெரியலடா. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு வை."

"பேரு என்ன வைக்கட்டும் அத்தை?" யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு காத்திருந்தான்.

"பரண்னு வை."